பெட்டிக்கு நாலாவது ஆள்

சூரியபிரகாஷ் ஆனையூருக்குக் குடிவந்த புதிதில் அந்தத் தெருவில் அவனுக்குப் பெயர் கிடையாது. மாடி வீட்டுப் பையன் என்பார்கள். காலையில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற வீட்டுச் சாமான் கடைக்குப் போவான். கடை அடைத்த பிறகு திரும்புவான். அங்கே பிரிட்ஜ் விற்கிற வேலை. வாங்கியவர் வீட்டுக்கே போய் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டிக் கொடுப்பதும் அவன்தான். செக்கானூரணிப் பக்கத்து ஊரில் இருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் அவனோடு வந்திருந்தார்கள். அக்கா சத்யப்ரியாவைத் திருமங்கலத்தில் கட்டிக் கொடுத்திருந்தது.

வந்த வருஷமே அப்பா தவறிப்போனார். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வண்டி பிடித்து வருவதற்குள், யாரும் கூப்பிடாமலே நாலு பேர் ஐஸ் பெட்டியோடு வந்து நின்றார்கள். அந்தக் குறுகலான படியில் பெட்டியைச் சாய்க்காமல் மேலே ஏற்றினார்கள். வாசலில் பந்தல் கட்டி நாற்காலி போட்டார்கள். நன்றி சொல்லலாம் என்று அவன் கீழே இறங்கி வந்தபோது ஆட்கள் இல்லை.

கருமாதி முடிந்ததும் விசாரித்துக்கொண்டு போனான். மெயின் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிற அப்துல் லத்தீப்தான் அந்த நற்பணி மன்றத்துக்குத் தலைவர். ரத்ததானம், சித்திரைத் திருவிழாவுக்கு நீர்மோர்ப் பந்தல், இதோடு இந்தப் பெட்டி. சாவு வீட்டுக்கு இலவசமாகக் கொடுத்து, எடுத்து வருவார்கள்.

"நானும் சேரலாமா பாய்?"

"தம்பி என்ன வேலை பாக்குறீங்க?"

"பிரிட்ஜ் விக்கிறேன்."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த மலையாண்டி சிரித்தார். பெட்டியை ஏற்றிப் போகிற லோடு வண்டி அவருடையது. "ரிப்பேருக்கு ஆளு தானா வந்து சிக்கியிருக்கு. விட்றாதீங்க பாய்."

டயர் கடையில் எதற்குச் சாவுப் பெட்டி என்று சூரியபிரகாஷ் கேட்டான்.

"எங்க ஆளுகள்ல மௌத் ஆனா பெரும்பாலும் அன்னைக்கே அடக்கிருவோம். பெட்டிக்கு வேலை கம்மி. பாய்கிட்ட இருந்தா சொந்தக்காரனுக்குன்னு தூக்கிட்டுப் போக மாட்டாருன்னு எல்லாருமாச் சேந்து என் தலையில கட்டிட்டாங்க" என்றார் லத்தீப்.

சேர்ந்த கையோடு சூரியபிரகாஷ் பெட்டியைப் பிரித்துப் பார்த்தான். மூடியைச் சுற்றி இருந்த ரப்பர் வெடித்திருந்தது, மாற்றினான். சக்கரத்துக்கு எண்ணெய் விட்டான். வண்டியிலிருந்து இறக்கியதும் ஸ்விட்சைப் போட்டுவிடக் கூடாது, கொஞ்ச நேரம் நிற்க விட்டால்தான் மோட்டாருக்கு நல்லது என்று மற்றவர்களுக்குச் சொன்னான். சின்ன வயசிலிருந்தே எதையும் அரைகுறையாக விட மாட்டான். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் கடைக்குச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். சொல்லிவிட்டு வந்தான். தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பங்குனி மாசத்தில் பின் தெரு நல்லகாமனின் தாயார் இறந்தார். நல்லகாமன் சிமெண்ட் கடைக்காரர். அந்தத் தெருவில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறவர். பெட்டியை வைத்து, கிழவியைக் கிடத்தி, குளிர் பிடித்துவிட்டதா என்று சூரியபிரகாஷ் கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. கிளம்பும்போது, பிரிட்ஜ் இறக்கிய வீடுகளில் சொல்லிப் பழகிய நாக்கு, தானாகச் சொன்னது.

"வாரேண்ணே. எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க."

ஒப்பாரி நின்றது. சாவு வீட்டில் வாரேன் என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. எழுந்து, முகம் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். சொன்னால் அந்த வீட்டில் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். சூரியபிரகாஷுக்கு இது தெரியாதது இல்லை. அவன் அப்பா சாவுக்கு வந்தவர்களும் அப்படித்தான் போனார்கள். மலையாண்டி அவன் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

வண்டி தெரு முனை திரும்பிய பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். "பிரிட்ஜ் டெலிவரிக்கா மாப்ள வந்த? ஒரு வருஷம் வாரண்டின்னும் சொல்லிட்டு வந்திருக்கலாம்ல."

அதோடு போயிருக்கும். ஆனால் கிழவியின் கருமாதிக்கு முன்னாலேயே, அதே வீட்டில் பல மாசமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்த நல்லகாமனின் சித்தப்பாவும் போய்ச் சேர்ந்தார். அதற்கு நல்லகாமன் மன்றத்தைக் கூப்பிடவில்லை. மாட்டுத்தாவணிப் பக்கமிருந்து வாடகைப் பெட்டி வந்தது.

"எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்கன்னான்ல. பெருசு கூப்பிட்டுட்டாரு" என்று டீக்கடையில் ஒருவர் சொல்ல, பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சூரியபிரகாஷ் அப்போது உள்ளே பார்சல் கட்டச் சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தான்.

கெட்ட காரியத்துக்கு அழைப்பு வேண்டியதில்லை என்று சித்தப்பா கருமாதிக்கு அவன் போனான். பந்தியில் உட்கார்ந்தான். இலை போட்டார்கள், சோறு வைத்தார்கள். நல்லகாமன் ஒவ்வொருவராகச் சாப்பிடச் சொல்லிக்கொண்டே வந்தார். அவன் இலைக்கு வந்ததும் அடுத்த இலைக்குப் போனார். அதற்குப் பிறகு பின் தெருவில் இன்னொரு வீட்டிலும் மன்றத்துப் பெட்டி வேண்டாம் என்றார்கள். பெட்டி டயர் கடையின் பின்னறையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. தன்னால் ஒரு தெருவே மன்றத்தை ஒதுக்கிவிட்டது என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அக்காவிடம் போனில் சொன்னான். நல்லகாமன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு மன்றத்திலிருந்து விலகிவிடப் போவதாகச் சொன்னான்.

"கடையில கஸ்டமர் வஞ்சா வேலைய விட்டுட்டு வந்துருவியாடா? அவர் வீட்டுக்குப் போயி பேசாத. பேசித்தான இம்புட்டும் வந்துச்சு" என்றாள் சத்யப்ரியா.

அவள் சொன்னதில் பாதியைக் கேட்டான். நல்லகாமன் வீட்டுக்குப் போகவில்லை. தன் பொறுப்பில் இருந்த பெட்டி அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்க டயர் கடைக்குப் போனான்.

லத்தீப் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். "போறதுன்னா போ தம்பி. அந்த மூடிக் கீலு ஒரு பக்கம் இறங்கியிருக்குன்னு சொன்னியே, அதை முடிச்சிட்டுப் போ."

கீலை முடிக்க உட்கார்ந்தவன், அடியில் தகரம் துருப்பிடித்திருப்பதைப் பார்த்தான். அதைத் தேய்த்து பெயிண்ட் அடிக்க அடுத்த ஞாயிறும் வர வேண்டியதாயிற்று. சாவி அவன் பாக்கெட்டிலேயே இருந்தது.

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று மன்றத்தின் மற்ற ஆட்கள் எல்லாரும் ஆற்றங்கரையில் மோர் ஊற்றப் போய்விட்டார்கள். மோர்க் குடங்களுக்கு மறு நடை போக மலையாண்டியின் வண்டி டயர் கடை வாசலில் நின்றது. சூரியபிரகாஷும் லத்தீப்பும் குடங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது நல்லகாமன் போன் செய்தார். அவருக்கு எதிர் வீட்டு ஜெயக்கொடியின் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். அந்த மனுஷன் முன்னே லத்தீப் கடையில் பஞ்சர் ஒட்டியவர். பாய் பெட்டிதான் வர வேண்டும் என்று ஜெயக்கொடி சொல்லிவிட்டாள்.

"அனுப்புங்க பாய். ஆனா அந்தப் பிரிட்ஜுத் தம்பி மட்டும் வேணாம்."

போன் சத்தம் பக்கத்தில் நின்றவனுக்கும் கேட்டது. லத்தீப் அவனைப் பார்த்தார்.

"ஏத்திவிட்டுக் கூட மட்டும் வாரேன். அங்க வண்டியில இருந்து இறங்க மாட்டேன்" என்றான் சூரியபிரகாஷ்.

பின் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. நடக்க முடிந்தவர்கள் எல்லாம் அழகரைப் பார்க்கப் போயிருந்தார்கள். ஜெயக்கொடி வீட்டில் பெண்கள் இருந்தார்கள். ஆண் என்று நல்லகாமன் ஒருவர்தான். அவரே ஒரு மூலையைப் பிடித்தார். லத்தீப் ஒன்று, மலையாண்டி ஒன்று. நாலு பேர் தூக்குகிற பெட்டியை மூன்று பேர் வாசற்படி வரைக்கும் கொண்டுபோனார்கள். படியில் பின்பக்கம் தாழ்ந்தது. லத்தீப்புக்கு முட்டி வலி. பெட்டியை இறக்கவும் முடியாமல் ஏற்றவும் முடியாமல் நின்றார். மோட்டார் அந்தப் பக்கம்தான். சூரியபிரகாஷ் வண்டிக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை கதவுப் பிடியில் இருந்தது.

"மாப்ள, என் இடுப்பு போச்சு" என்றார் மலையாண்டி, யாரையும் பார்க்காமல்.

நல்லகாமன் திரும்பி வண்டியைப் பார்த்தார். "எறங்கி வாப்பா. ஒரு கை பிடி."

அவன் நாலாவது மூலையைப் பிடித்தான். பெட்டி மட்டத்துக்கு வந்து உள்ளே போனது. நல்லகாமன் அவசரமாக ஸ்விட்சுக்குக் கை நீட்ட, சூரியபிரகாஷ் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான். வாயைத் திறக்கவில்லை. பொறுங்கள் என்று உள்ளங்கையைக் காட்டினான். இரண்டு பேரும் பெட்டிக்குப் பக்கத்தில் சும்மா நின்றார்கள். பிறகு அவனே ஸ்விட்சைப் போட்டான். குளிர் ஏறியதும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெளியே நடந்தான்.

நல்லகாமன் பின்னாலேயே வந்து வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "தெருவுக்கு வந்தாச்சுல்ல. இப்பப் பேசலாம்ப்பா."

"அன்னைக்கு வாய் தவறிருச்சுண்ணே."

"எங்க சித்தப்பா எப்பவோ போக வேண்டிய ஆளு. எனக்குத் தெரியும். வீட்டுப் பொம்பளைககிட்ட அதைச் சொல்ல முடியுமா? எங்க ஆத்தா பின்னாடியே போயிட்டாருன்னு பழியை உன் தலையில போட்டுட்டாளுக. நானும் பேசாம இருந்துட்டேன்." கதவை விட்டுவிட்டு, "பெட்டியை நாளைக்கு எடுக்கணும். எம்புட்டுப் பேர் வேணும்?" என்றார்.

"நாலு பேர்ண்ணே."

"நான் ஒண்ணு, நீ ஒண்ணு. இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வா."

மறுநாள் ஜெயக்கொடி வீட்டிலிருந்து எடுத்த பெட்டியை நல்லகாமனே மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். ஆடி மாசம் மன்றத்தில் பெயர் கொடுத்தார். இப்போது பின் தெருவில் ஒரு சாவு என்றால், பெட்டியை வைத்து ஸ்விட்ச் போடுவது சூரியபிரகாஷ். வீட்டுக்காரர்களிடம் பேசுவது நல்லகாமன்.