வேப்பிலை காட்டிய வாசல்

எண்பதுகளில் கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களுக்குத் தடுப்பூசி போடப் போகும் நர்ஸ் நான்; அங்கே எல்லாருக்கும் மிஸ்ஸி. பனி இறங்கிய காலைகளில் செம்பனைகளுக்கு நடுவே தொழிலாளர்களின் லயத்து வீடுகள் வரிசையாகத் தண்ணீரில் மிதப்பதுபோல் தெரியும். நான் வாசல்களை மட்டும் பார்த்துக்கொண்டு நடப்பேன். வேப்பிலை செருகியிருந்தால் உள்ளே குழந்தைக்கு அம்மை, பெரும்பாலும் தட்டம்மை. கிளினிக்குக்கு யாரும் சொல்லி அனுப்ப மாட்டார்கள், வேப்பிலைதான் சொல்லும். உடனே அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு ஊசி போட்டுவிடுவேன்.

"ஒங்களுக்கு மட்டும் எப்படி மிஸ்ஸி தெரியுது?" என்று ஒரு தாய் வியந்தாள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "அதான் வாசல்ல வேப்பிலை இருக்கே லா," என்றேன்.

அடுத்த வாரம் ஒரு வாசலிலும் வேப்பிலை இல்லை. அம்மன் இறங்கியிருக்கும் லயத்தில் ஊசி குத்தினால் அவள் கோபித்துக்கொள்வாள் என்று பயந்து என் கண்ணில் படாமல் எடுத்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தை யார் பார்த்தார்கள்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது, அரைத்த வேப்பிலையும் மஞ்சளும் கலந்த வாசம் பனியில் மிதந்து வந்தது. தூக்கத்தில் நடப்பவளைப்போல் அதன் பின்னாலேயே லயத்தைச் சுற்றிப் போனேன்.

மூன்று வீடுகளின் பின்வாசல்களில் வேப்பங்கொத்துகள் ஆடிக்கொண்டிருந்தன. அதே தாய் அம்மியின் முன் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அவள் கை நின்றுவிட்டது.

"இப்ப எப்படி மிஸ்ஸி தெரிஞ்சிச்சு?"

"ஆத்தாதான் கூட்டிட்டு வந்தா," என்றேன். அது பொய் என்று எனக்கே தோன்றவில்லை.

அவள் கையைக் கழுவிவிட்டு, பக்கத்து வீட்டுக் குழந்தைகளைக் கூப்பிட எழுந்தாள்.