ஏழாவது ஆளும் கோயில் மணியும்

வெரிட்சா வேனைக் கொண்டுவந்து என் மாட்டுக்கொட்டகை வாசலில் நிறுத்திய வேகத்தில் கோழிகள் கூரையேறிவிட்டன.

"டேய் விங்கோ! ஏறு வண்டியில!"

"உனக்குக் கண்ணு இல்லையாடி? ஷாருல்யா கன்னு போட நிக்குறா."

"ஆறு பேருதான் சேர்ந்திருக்காங்க. நீ வரலைன்னா நம்ம கிளப்பு காலி!"

அவள் சொன்னது நிஜம். எங்கள் மாவட்டத்துக் கால்பந்துப் போட்டியில் கடைசிப் பிரிவு நாங்கள். களத்தில் ஏழு பேராவது இறங்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு ஆட்டங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. மூன்றாவதும் போனால் வர்போவா என்ற எங்கள் ஊர்ப் பெயரையே பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள்.

எங்கள் ஸ்லாவோனியாச் சீமையில் மண்ணுக்குக் குறைவில்லை, சோளத்துக்குக் குறைவில்லை, மனிதருக்குத்தான் பஞ்சம். இளவட்டங்கள் எல்லாம் அயர்லாந்தில். பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு, தபால் நிலையத்துக்குப் பூட்டு. ரொட்டி வண்டி கூட வாரத்தில் இரண்டு நாள்தான் எட்டிப்பார்க்கிறது. மூடாமல் மிச்சமிருப்பது கிளப் ஒன்றுதான். அதற்குக் காரணம் என்னோடு ஒரே பெஞ்சில் படித்த இந்த வெரிட்சாவின் பிடிவாதம். மூன்று ஊர்ப் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கு ஏற்றிப்போகும் வேன் அவளுடையது. திரும்பி வந்து மைதானத்தில் புல் வெட்டுவாள், சுண்ணாம்பால் கோடு போடுவாள், சட்டைகளைத் துவைப்பாள், ஞாயிற்றுக்கிழமை தொத்திறைச்சி சுடுவாள். ஆட்டக்காரர்களைத் திட்டுவதும் அவள்தான். அதில் அவளுக்கு ஈடு கிடையாது.

"எனக்கு அம்பத்திரண்டு வயசு. ஓடினா நெஞ்சு வெடிச்சிரும்" என்றேன்.

"நீ ஓட வேணாம். தூண் மாதிரி நின்னாப் போதும். மாட்டை நான் பார்த்துக்கிறேன்."

"நீயா?"

"ரெண்டு பெத்தவ நான். நீ எத்தனை பெத்தே?"

அவள் முழங்கைக்கு மேல் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வேன் சாவியை என்மேல் எறிந்தாள். டப்ளினில் இருக்கும் தன் மூத்த மகனின் ஆட்டச் சட்டையைத்தான் எனக்குக் கொடுத்தாள். தொப்பையில் அது பாதிதான் இறங்கியது.

மைதானத்தில் நான் கால் வைத்ததும் எழுந்த கைதட்டல் இருக்கிறதே, என் கல்யாணத்துக்குக் கூட அப்படி ஒன்றைக் கேட்டதில்லை! இடது பக்கம் எங்கள் பாதிரியார், அங்கியைக் கழற்றிவிட்டு அரைக்காற்சட்டையில். எதிரணி பதினோரு பேரும் காளைக் கன்றுகள். இடைவேளைக்குள் ஐந்து கோல் வாங்கினோம். கவலைப்பட்டது யார்? ஏழு பேர் இறங்கியாயிற்று, கிளப் பிழைத்தது! கொட்டகையில் என்ன ஆயிற்றோ என்ற ஒரே நினைப்புதான் எனக்கு.

ஆட்டம் முடியும் தறுவாயில் எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பாதிரியார் உதைத்தார். நான் மூச்சு வாங்கக் குனிந்து நின்றேன். பந்து என் வழுக்கையில் மோதி வலைக்குள் போய்விட்டது. நான் மல்லாந்து விழுந்தேன். பாதிரியார் முதற்கொண்டு ஆறு பேரும் என்மேல் விழுந்தார்கள்.

அப்போதுதான் கோயில் மணி அடித்தது. கோயில்பிள்ளை யோசோ கிழவர் சந்தோஷம் தாங்காமல் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துத் தொங்கிவிட்டார்.

எங்கள் ஊரில் ஞானஸ்நானம் இல்லை, கல்யாணம் இல்லை. பூசை நேரம் தவிர மணி அடித்தால் சாவு என்றுதான் அர்த்தம். வீடுகளிலிருந்து சனம் சிலுவை போட்டுக்கொண்டே வெளியே வந்தது.

"யாரு போனது?"

"போன வாரம்தானே ஒண்ணு போச்சு!"

வயல் வழியாக ஒருத்தி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். தோள்வரை இரத்தமும் பிசுக்கும். வெரிட்சா! ஆட்களைப் பிய்த்து எறிந்துவிட்டு அடியில் கிடந்த என்னைப் பார்த்தாள். அவள் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"கோல் போட்டேண்டி" என்றேன்.

அந்த ஈரக் கையாலேயே பளாரென்று ஓர் அறை விட்டாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"பாவி! நான்தான் உன்னை அனுப்பிக் கொன்னுட்டேன்னு நினைச்சேன்டா!"

"ஷாருல்யா?"

"பொட்டைக் கன்னு. எழுந்து நிக்குது." மணியடித்துவிட்டுத் திரும்பி வந்த யோசோவைப் பார்த்து அழுகைக்கு நடுவே சிரித்தாள். "யோசோ மாமா! வர்போவாவில ஒரு உசிரு பிறந்திருக்கு. போங்க, இன்னொரு தடவை அடிங்க!"

பாதிரியாரைப் பார்த்தோம். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே தலையாட்டினார்.

மணி மறுபடி அடித்தது. இந்தத் தடவை யார் செத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.