நூற்றுக்குள் போன மூன்று சுற்று

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு எனாமல் குவளை இருக்கிறது. வெள்ளை உடம்பு, நீல விளிம்பு. கைப்பிடி சேரும் இடத்தில் பூச்சு பெயர்ந்து கறுத்துக் கிடக்கும். மனைவி அதை இரண்டு முறை பழைய சாமான்காரனிடம் போடப் பார்த்தாள். இரண்டு முறையும் பிடுங்கி வைத்தேன். ஏன் என்று கேட்டால் கப்பலில் கிடைத்தது என்பேன். அது பொய்யில்லை. மிச்சத்தைச் சொல்லத்தான் ஐம்பது வருடமாக வாய் வரவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. போர்ட் பிளேரில் அரசு அலுவலகம் ஒன்றில் வரைபடம் நகலெடுக்கும் வேலை எனக்கு. வயது இருபத்துமூன்று. ஜனவரி மாதத்தில் அலுவலகங்களுக்குள் ஒரு போட்டி நடக்கும். துறைமுகத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நீந்த வேண்டும், சொட்டச் சொட்டச் சைக்கிள் ஏறி டாலிகஞ்ச் வரை போய்த் திரும்ப வேண்டும், பிறகு மரைன் ஹில் மேடு உட்பட ஆறேழு மைல் ஓட வேண்டும். இப்போது இதற்கு டிரையத்லான் என்று பெயர் வைத்து, கண்ணாடியும் கடிகாரமும் மாட்டிக்கொண்டு செய்கிறார்கள். எங்களுக்கு அது வெறும் ‘மூணு ரேஸ்’. முந்தைய வருடம் மரைன் ஹில் மேட்டில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து அலுவலகத்தில் எனக்கு ‘ஆதா ரேஸ்’, அதாவது அரை ரேஸ், என்று பெயர். பியூன்கூட ஆதா பாபு என்றுதான் கூப்பிட்டார். இந்த வருடம் எப்படியாவது முழுதாக ஓடி அந்தப் பெயரைக் கழற்றிப் போட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு சிந்தனையே கிடையாது.

போட்டிக்கு மூன்றரை வாரம் இருக்கும்போது ஓவர்சியர் என்னை நிக்கோபார் பக்கத்துக் கட்சால் தீவுக்குக் கப்பலில் அனுப்பினார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய குடும்பங்களை அங்கே ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வீடு கட்டும் இடத்தை அளந்து வர வேண்டும். பயணத்தில் பயிற்சி விட்டுப்போனால் கால் மறந்துவிடும் என்று ஒரு பயம். கப்பலிலேயே ஓடுவது என்று தீர்மானித்தேன்.

முன்தளத்தில் சரக்கறை மூடியைச் சுற்றி ஒரு ஆள் ஓடும் அளவுக்கு வழி இருந்தது. விடியலில் நூறு சுற்று என்று வைத்துக்கொண்டேன். கான்வாஸ் ஷூ ஈர இரும்பில் வழுக்கியதால் வெறுங்காலோடு ஓடினேன். எண்ணிக்கை தவறாமலிருக்க வாய்க்குள் முணுமுணுத்தேன். ஏற்கெனவே ஒரு வாரத் தாடி, கப்பல் ஆடியதால் சவரத்துக்குப் பயந்து அதை அப்படியே விட்டுவிட்டேன். எங்கள் அலுவலக அணிக்கு மஞ்சள் பனியன், அதைத்தான் போட்டிருந்தேன். சைக்கிளுக்குப் பதிலாக மல்லாந்து படுத்துக் காலால் காற்றை மிதித்தேன். அதைப் பார்த்த பெங்காலிப் பெரியவர் ஒருவர் எனக்கு வலிப்பு என்று நினைத்து, ஓடி வந்து கையில் ஒரு சாவிக்கொத்தைத் திணித்தார். எழுந்து உட்கார்ந்து எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். தளமே சிரித்தது, நானும் சிரித்தேன். ஒரு தப்பெண்ணத்தைத் திருத்துவது எவ்வளவு சுலபம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கப்பலில் குடிதண்ணீருக்குப் பங்கு உண்டு. காலையில் ஒரு மக், மாலையில் ஒரு மக். ‘ஏக் ஆத்மி, ஏக் மக்’, ஆளுக்கு ஒரு மக் என்று கத்திக்கொண்டே கலாசி, கப்பல் வேலையாள், ஊற்றுவான். என் காலைப் பங்கு ஐம்பதாவது சுற்றிலேயே தீர்ந்துவிடும். இரண்டாம் நாள் ஓடி முடித்துக் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். என் முன்னால் நீல விளிம்புக் குவளை ஒன்று நீண்டது. முக்கால் குவளைத் தண்ணீர். இரண்டு கையாலும் ஏந்தி நின்றவர் என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒரு பெண். இடுப்பில் ஒரு வயதுப் பெண்குழந்தை. அந்தப் புழுக்கத்திலும் குழந்தைக்குக் கம்பளிக் குல்லாய் போட்டிருந்தார். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்றும், கணவர் முந்திய கப்பலில் கட்சால் போய்விட்டார் என்றும் பிறகு தெரிந்தது. நான் ஒரே மூச்சில் குடித்துவிட்டுத்தான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“என்னா நேத்தி தம்பி? யாருக்கு முடியல?” என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. வெறுங்கால், தாடி, மஞ்சள் பனியன், முணுமுணுப்பு, போதாததற்கு நான் சுற்றியது வலமாக. அவர் கண்ணுக்கு நான் நேர்த்திக்கடன் செலுத்துகிறவன். அவர்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் காவடிக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது தன் அம்மா காலத்திலிருந்தே தங்கள் வீட்டு முறை என்றார். சாவிக்கொத்துப் பெரியவரிடம் சொன்னதுபோல இவரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக்குத் தண்ணீர் வராது என்று என் மனம் கணக்குப் போட்டது. வானத்தைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன்.

“புள்ளைக்கு ஏறுன நாளா காச்ச வுடல தம்பி. இவளுக்கும் சேத்து நாளைக்கி மூணு சுத்து சுத்துங்க” என்றார்.

சரி அக்கா என்றேன். மறுநாள் நூறு சுற்று ஓடினேன். நூற்று மூன்று அல்ல, நூறுதான். அந்த மூன்றையும் என் நூற்றுக்குள்ளேயே தள்ளிக்கொண்டேன். அதிகமாக ஓடினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளுமோ என்று பயம். அவர் ஓரமாக உட்கார்ந்து, குழந்தையின் கையைத் தன் கைக்குள் வைத்துக் கும்பிட்டபடி நான் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் குவளை வந்தது. வாங்கிக் குடித்தேன். பொய் சொல்லவில்லையே, அவராக நினைத்துக்கொண்டார், அதற்கு நானா பொறுப்பு என்று மனதுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

கட்சாலுக்கு எதிரே நங்கூரம் போட்டபோது கடல் புரண்டுகொண்டிருந்தது. அங்கே அப்போது கப்பல் அணையும் துறைமேடை கிடையாது, படகில்தான் இறங்க வேண்டும். படகு கிட்டே வர முடியவில்லை. இரண்டு நாள் அப்படியே கிடந்தோம். கலாசி குரல் மாறியது, ‘ஆதா மக், ஆதா மக்’. நான் அப்போதும் ஓடினேன். அப்போதும் குவளை வந்தது. பாதிக் குவளைதான், ஆனால் வந்தது. தாய்க்காரிக்குக் கூடுதல் பங்கு கொடுக்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் நான் நினைத்தேனா, நினைக்க விரும்பினேனா என்று இன்று சொல்லத் தெரியவில்லை.

அதில் முதல் நாள் பிற்பகல் தார்ப்பாய் நிழலில் அவரைப் பார்த்தேன். குழந்தை மார்பில் வாய் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு வீறிட்டது. அவர் முந்தானை நுனியைக் குவளையின் அடி ஈரத்தில் துடைத்து, அதைக் குழந்தையின் உதட்டில் வைத்தார். அவருடைய உதடு வெடித்திருந்தது. பால் வற்றிவிட்டது என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் மெதுவாகச் சொன்னார். கலாசியிடம் கேட்டேன். குழந்தைக்குத் தனிப்பங்கு கிடையாது, ஆள் கணக்கு ஒன்றுதான் என்றான். அப்படியானால் மூன்று நாளாக நான் குடித்தது அவருடைய காலைப் பங்கு முழுவதும்.

மறுநாள் ஓடாமல் இருந்திருக்கலாம். நேரே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் எதிரில் ஏமாற்றுக்காரனாக நிற்கத் தைரியமில்லை. ஓடினேன். குவளை வந்தது. உதட்டில் வைப்பதுபோல வைத்துவிட்டு, கண்ணை மூடி, ஏதோ முணுமுணுத்து, பிள்ளைக்குக் கொடுங்கள் அக்கா, நல்லாகிவிடும் என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குழந்தைக்குப் புகட்டினார். பக்கத்துப் பெண்கள் இருவர் தங்கள் குவளையையும் நீட்டினார்கள், தொட்டுக் கொடுக்கச் சொல்லி. தொட்டேன். அந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியத்தையும் பொய்க்குள் வைத்துத்தான் செய்தேன்.

மதியம் கடல் சற்று அடங்கியது. படகில் முதலில் பெண்களை ஏற்றினார்கள். என் பையை அந்த அக்கா வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நானோ நீச்சல் பயிற்சி விட்டுப்போகிறதே என்று தண்ணீரில் குதித்துப் படகோடு கரைக்கு நீந்தினேன். தலையைத் தூக்கியபோதெல்லாம் அவர் கைகூப்பியபடி இருந்தது தெரிந்தது. கரையில் அவர் கணவர் வந்து நின்றார், என் பையைக் கரையில் வைத்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். மாலையில் முகாமில் பையைத் திறந்தால் துண்டுக்கு மேல் அந்தக் குவளை இருந்தது.

போட்டியில் முழுதாக ஓடினேன். ஏழாவதாக வந்தேன். ஓடியது பதினோரு பேர். ஆதா என்ற பெயர் போயிற்று. அதற்குக் கொடுத்தது என்ன என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு வருடம் கழித்து மறுபடி கட்சாலில் வேலை வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று குவளையோடு போனேன். அவர் ரப்பர் மரத்தில் பால் எடுத்துவிட்டு வாளியோடு வந்துகொண்டிருந்தார். குழந்தை அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு குடுகுடுவென்று நடந்தது. கணவரைக் கூப்பிட்டு, இவருதான், கப்பல்ல நம்ம புள்ளைக்காகச் சுத்துனவரு என்றார். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் குவளையை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை.

“சாமி காரியத்துக்குக் குடுத்தத திருப்பி வாங்கலாமா? ஒங்க நேத்தி முடிஞ்சிச்சா தம்பி?”

“முடிஞ்சிருச்சு அக்கா.”

பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். வெயிலில் நடந்து வந்திருந்தேன். அதையும் குடித்தேன்.

அதற்குப் பிறகு கட்சால் பக்கம் வேலை வராமல் பார்த்துக்கொண்டேன். 2004 டிசம்பரில் கடல் ஏறியபின் அந்தத் தீவிலிருந்து கப்பல் கப்பலாக ஜனங்கள் போர்ட் பிளேர் வந்து இறங்கினார்கள். முகாமுக்கு ஓடினேன். மேஜையில் பட்டியலோடு இருந்தவர் நிமிர்ந்து, யாரைத் தேடுறீங்க, பேர் சொல்லுங்க என்றார். எனக்குப் பெயர் தெரியவில்லை. மூன்று நாள் அவர் பங்குத் தண்ணீரைக் குடித்தவன் ஒருநாள்கூட பெயர் கேட்டதில்லை. குழந்தையின் பெயரும் தெரியாது. எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. நகருங்க சார் என்றார்கள், நகர்ந்தேன். முகாமில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன், ஆனால் முப்பது வருடத்தில் ஒரு முகம் எப்படி ஆகியிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இப்போது காலையில் மொட்டைமாடியில் நடக்கிறேன். ஓட முடியாது, முழங்கால் போய்விட்டது. குவளையில் தண்ணீர் நிரப்பிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு நூறு சுற்று. பிறகு, தனியாக, மூன்று சுற்று. முடிந்ததும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுவேன், குடிப்பதில்லை. எனக்குச் சர்க்கரை இருப்பதால் டாக்டர் சொன்ன கணக்குக்கு நடக்கிறேன் என்று மனைவி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறாள். அதுவல்ல காரணம் என்று அவளிடமும் நான் இதுவரை சொன்னதில்லை.