கறுவாத்தோட்டத்தில் மாமி ஓடிய ஸ்கூட்டர்

அப்பாவின் தங்கையை எங்கள் யாழ்ப்பாண வழக்கப்படி நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். யுத்தத்தின் கடைசி வருடங்களில் அவர் கொழும்பு வெள்ளவத்தையில் எங்களோடு வந்து தங்கினார். களுபோவிலவில் ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. பஸ்ஸில் நசிபட்டுப் போய்வந்து அலுத்தவர், ஸ்கூட்டர் பழகப் போவதாக ஒருநாள் அறிவித்தார். அப்பா சிநேகிதரிடம் ஒரு பழைய ஸ்கூட்டரை இரவல் வாங்கி, எல் போர்ட்டும் கட்டினார்.

எங்கள் ஒழுங்கையில் ஆள் நடக்கவே இடமில்லை. ஆகவே ஒரு ஞாயிறு காலை கறுவாத்தோட்டத்துக்குப் போனோம். கோடு போட்டது போன்ற அகலமான வீதிகள், இரு பக்கமும் பெரிய மரங்கள், மதில்களுக்குப் பின்னால் மாளிகை மாதிரி வீடுகள். முன்னொரு காலத்தில் இது முழுக்கக் கறுவாப்பட்டை மரக் காடு என்றும், ஒரு கொப்பு முறித்தாலும் ஒல்லாந்தர் கடுமையாகத் தண்டிப்பார்கள் என்றும் அப்பா சொன்னார். பிறகு ஆங்கிலேயர் காட்டை வெட்டி வீதி போட்டு, பணக்காரர் குடியிருக்கப் பெரிய காணிகளாகப் பிரித்தார்களாம். கறுவா போய்விட்டது, காவல் போகவில்லை என்பதை நாங்கள் சற்று நேரத்தில் கண்டோம்.

மாமி ஸ்கூட்டரில் ஏற, அப்பா பின்னால் பிடித்தபடி ஓடினார்.

"அண்ணை, பிடிச்சிருக்கிறீங்கள்தானே?"

"நான் எப்பவோ விட்டிட்டன்!"

மாமி வீதியின் முடிவுவரை போய்த் திரும்பி, வாய் நிறையச் சிரித்தபடி வந்தார். கொழும்புக்கு வந்தபின் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒரு பெரிய கேற் திறந்தது. அம்மாவின் வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வெளியே வந்து, இங்கே பழகக் கூடாது, உங்கள் பக்கத்தில் போய் ஓடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். இது பொது வீதிதானே என்று அப்பா பணிவாகக் கேட்டார். அவர் உடனே சந்தியில் நின்ற ஆமிக்காரனைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

ஆமிக்காரன் மாமியின் அடையாள அட்டையைப் பார்த்தான். யாழ்ப்பாண விலாசம். அவன் முகம் மாறியது. அப்பா சிங்களத்தில் விளக்கினார். அவன் அரைமனதாகப் பெண்மணியிடம் திரும்பி, இவர்களைத் தெரியுமா, வெறுமனே பழகத்தானே வந்தார்கள் என்று கேட்டான். ஓம் பழகத்தான் வந்தவை என்று சொன்னால் போதும். அவ்வளவு நேரமும் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்தான். எனக்கொன்றும் தெரியாது என்றார் அவர், சிங்களத்தில். பிறகு முற்றம் கூட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் சொன்னார்:

"உள்ளுக்கு வா பிள்ளை. கேற்றைப் பூட்டு."

சுத்தமான தமிழ். எங்கள் வீட்டுத் தமிழ்.

ஆமிக்காரன் பொலிஸைக் கூப்பிட, மாமியை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். அப்பாவும் நானும் பொலிஸ் நிலைய மர வாங்கில் பின்னேரம்வரை உட்கார்ந்திருந்தோம். மாமி வெளியே வந்தபோது யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எவ்வளவு சொல்லியும் அவர் ஸ்கூட்டரில் ஏறவில்லை. வேலையை விடும்வரை பஸ்தான்.

அன்று ஓட்டோவில் வீடு திரும்பும்போது நான் கத்தினேன். "அவவுக்குத் தமிழ் தெரியும் அப்பா! ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே?"

"மெல்லக் கதை. அவவுக்கும் பயம் பிள்ளை."

எனக்கு அப்பாவின் மேலேயே ஆத்திரம் வந்தது. அவ்வளவு உயர மதில், இரண்டு கார், சந்திக்குச் சந்தி காவல். அவருக்கு என்ன பயம்? என்னை அடக்க அப்பா பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

நான் பிறப்பதற்கு முன், எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், தமிழருடையது என்று அறிந்து அந்த வீதிகளிலும் வீடுகளை எரித்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்தப் பெண்மணி ஏன் எங்களோடு தமிழில் பேசவில்லை என்பது இப்போது விளங்குகிறது. எங்களுக்காக ஏன் சிங்களத்திலாவது ஒரு சொல் சொல்லவில்லை என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.