பாண் றாத்தலும் காற்று றாத்தலும்

அக்காவின் புருஷனை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. முரசுமோட்டைக்குப் பக்கத்தில், கண்டாவளையில், வீட்டோடு கராஜ் வைத்திருந்தார். எதைக் கேட்டாலும் தெரியாது என்ற சொல் அவர் வாயில் வராது. அக்காவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு "அத்தான், அத்தான்" என்று திரிந்தேன்.

அப்போது முல்லைத்தீவுக் கரையில் மீன் எடுத்து முரசுமோட்டையில் விற்றுக்கொண்டிருந்தேன். ஐஸ் கிடையாது. வெயில் ஏறுவதற்குள் வந்து சேராவிட்டால் மீன் நாய்க்குத்தான். மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிய என் பழைய மோட்டார் சைக்கிள்தான் வீட்டில் அடுப்பெரிய வைத்தது. ரயர் போனால் வேறு ரயர் இல்லை. சண்டைக் காலம்; வவுனியாச் சோதனைச் சாவடியைத் தாண்டி ஒரு ரயரும் வர ஆமி விடாது.

ஒருநாள் முன் ரயருக்குக் காற்றடிக்க அத்தானிடம் போனேன். அதற்கு இருபத்திரண்டு றாத்தல் காற்று. பவுண்டை நாங்கள் றாத்தல் என்போம்; கடையில் வாங்கும் பாண் ரொட்டியும் றாத்தல், காற்றும் றாத்தல். காற்றளவு காட்டும் அத்தானின் பழைய மீற்றர் பழுதாகி, எங்கோ கழற்றிய ஒன்றைக் கொம்பிரசரில் பூட்டியிருந்தார். அதில் கிலோதான் தெரிந்தது, பத்து வரைக்கும்.

"இதிலை றாத்தல் இல்லையே, அத்தான்?"

"பள்ளிக்கூடம் போகேல்லையோ நீ? ஒரு கிலோ எண்டால் ரெண்டு தசம் ரெண்டு றாத்தல். இருபத்திரண்டு றாத்தலுக்குச் சரியாப் பத்துக் கிலோ."

"அது பாணுக்கெல்லோ?"

"றாத்தல் எண்டால் றாத்தல்தான். பாணுக்கு வேறை, காத்துக்கு வேறையோ?"

நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

முள் மூன்றுக்கு வரும்போதே ரயர் கல்லாக இறுகிவிட்டது. "போதும் அத்தான், விடுங்கோ" என்றேன்.

"இன்னும் பாதியும் வரேல்லை. பேசாமல் நில்லடா."

ஐந்தைத் தாண்டியதும் வெடித்தது. காது அடைத்துப்போனது. ரயர் ஓரம் முழுக்கக் கிழிந்து வாய் பிளந்து கிடந்தது. அந்த மனுசன் அதைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, "உன்ரை ரயர் உக்கிப்போன பழசு" என்றார்.

மீற்றர் கண்ணாடியில் அப்பியிருந்த கிறீசை உடுத்திருந்த சாரத்தின் தலைப்பால் துடைத்தேன். உள்ளே இன்னொரு வட்டம், சிவப்பில் சின்ன இலக்கங்கள். றாத்தல். பத்துக் கிலோவுக்கு நேரே இருந்த இலக்கம் நூற்று நாற்பதையும் தாண்டியது. காற்று றாத்தல் சதுர அங்குலத்துக்கு, காற்றுக் கிலோ சதுர சென்ரிமீற்றருக்கு. ஒரு கிலோவுக்குப் பதினாலு றாத்தல். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றரைக் கிலோ.

"இஞ்சை பாருங்கோ" என்றேன்.

"உந்தச் சின்ன எழுத்தை ஆர் பாக்கிறது?" என்று சொல்லிக் கை கழுவப் போனார். அந்தக் கழுத்தைப் பிடித்திருக்கலாம். அக்கா வாசலில் நின்றார்.

மோட்டார் சைக்கிள் வீட்டுக்குப் பின்னால் கோடியில் சாய்ந்தது. சைக்கிளில் மீன் பெட்டி கட்டி மிதித்தேன். எவ்வளவு மிதித்தாலும் பாதி வழியிலிருக்கும் உடையார்கட்டுக்கு அப்பால் மீன் தாங்காது. வந்ததை அங்கேயே விற்றுவிட்டுத் திரும்புவேன். வீட்டில் கஞ்சிதான்.

சில மாதம் கழித்து அக்கா வந்தார். கதையோடு கதையாக, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"அத்தான் மீன் சாப்பிட்டுக் கனநாளாம். ஏன் தம்பி எங்கடை பக்கம் மீன் கொண்டு வாறேல்லை எண்டு கேக்கிறார்."

"கிலோவிலை வேணுமோ, றாத்தலிலை வேணுமோ எண்டு அவரையே கணக்குப் பாத்துச் சொல்லச் சொல்லுங்கோ, அக்கா."