முன்வாசல் நிலையில் ஒரு கவராயம்

கீரி என்ற ஊரில் நாங்கள் கட்டிய வீட்டின் முன்வாசல் நிலையின் மேற்கட்டையில், கோணம் பார்க்கும் மூலைமட்டமும் வட்டம் கீறும் கவராயமும் செதுக்கப்பட்டிருக்கின்றன. செதுக்கச் சொன்னவன் நான்தான்.

மன்னார் டவுனில் எனக்கு ஹார்ட்வெயார் கடை. பெரிய கொந்தராத்துக்காரர்களின் பழக்கம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் கொழும்பில் பிறீமேசன் சங்கத்தில் சேர்ந்தேன். கல் கட்டுபவர்களின் கருவிகளை அடையாளமாக வைத்து ஒழுக்கம் சொல்லும் சங்கம் அது. மூன்று படிகள். ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகங்களைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்புவித்து மூன்றையும் தாண்டினேன். பொருளை ஒருநாளும் யோசித்ததில்லை. சடங்கு முடிந்ததும் வரும் சாப்பாட்டைத்தான் யோசித்தேன்.

தச்சருக்கான படத்தை நினைவிலிருந்து நானே கீறினேன். மூலைமட்டம் என் கடைச் சரக்கு, அது எடுப்பாகத் தெரியட்டும் என்று கவராயத்தின் இரண்டு கூர்களையும் அதற்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

நிலை வைத்த அன்று மனைவி அண்ணாந்து பார்த்தாள். செபக்கூட்டத்துப் பெண்கள் போனில் ஏதோ வீடியோ காட்டியிருக்கிறார்கள்.

"இஞ்சேருங்கோ, இது சாத்தான்ர அடையாளமெண்டு சனம் கதைக்குது. என்னெண்டு சொல்லுங்கோ. நான் பிள்ளையளோட இதுக்குக் கீழால போய்வர வேணுமெல்லே?"

"சங்கத்து ரகசியம். வெளியில சொல்லக்கூடாது" என்றேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. போதாக்குறைக்கு முகத்தையும் பெரிய மனிதர் மாதிரி வைத்துக்கொண்டேன்.

குடிபுகுந்த நாளிலிருந்து அவள் பின்பக்கக் குசினிக் கதவால்தான் வந்து போனாள். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் ஒற்றை அறைக்குள் வளர்ந்தவள், சொந்தமாக ஒரு முன்வாசல் வேண்டும் என்று ஆசைப்பட்டவள். நான் எதையோ மறைக்கிறேன் என்ற பயத்தில் என்னோடு பேச்சையும் குறைத்துக்கொண்டாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

போன மாதம் சங்கத்துச் சகோதரர் ஒருவர் கொழும்பிலிருந்து மடு மாதா கோயிலுக்கு வந்த கையோடு எங்கள் வீட்டுக்கும் வந்தார். வாசலில் நின்று மேலே பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"இதென்ன, நீங்கள் இன்னும் முதற்படியிலயோ நிக்கிறியள்?"

எனக்கு விளங்கவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி நேரே அவரிடம் கேட்டாள்.

"ஐயா, அதுக்கு என்ன கருத்து?"

"இதில என்ன ரகசியம் தங்கச்சி? மூலைமட்டம் எண்டால் மற்றவையோட நேர்மையா நடக்கிறது. கவராயம் எண்டால் தன்ர ஆசைக்கு ஒரு வரம்பு போடுறது. முதற்படிக்காரனுக்குக் கவராயத்தின்ர கூர் ரெண்டும் மறைஞ்சிருக்கும், அவன் இன்னும் ஒண்டும் விளங்காதவன். மூண்டாம் படியில ரெண்டும் மேல வந்திடும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தேன்.

அவர் போனபின் கேட்டாள்.

"தெரிஞ்சு மறைச்சனீங்களோ, தெரியாமலோ?"

"தெரியாது."

"தெரியாதெண்டு ஒரு சொல்லுச் சொல்லேலாமலோ என்னை இவ்வளவு நாளும் பயப்பிட வைச்சனீங்கள்?"

நாளைக்கே தச்சரைக் கூப்பிட்டு இழைத்து எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"வேண்டாம், இருக்கட்டும். உங்களுக்கு அது சரியாத்தான் இருக்கு."

சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முன்வாசலால் இறங்கி முற்றம் கூட்டப் போனாள். இப்போது குசினிக் கதவால் வந்து போவது நான்தான்.