பக்கத்து பெட்காரருக்குப் போட்ட மருந்து

எனக்குப் பெருங்குடலில் புற்றுநோய். ஈரலுக்கும் பரவிவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து தைரியசாலி வேஷம் போட்டுக்கொண்டிருந்தேன். வேஷத்தைக் கலைத்தவர், கீமோ ஏற்றிக்கொள்ளப் போன ஆஸ்பத்திரியில் பக்கத்து பெட்காரர். அவருக்கும் அதே நோய்தான். ஆனால் கீமோவோடு இன்னொரு மருந்தும் ஏற்றினார்கள். "கட்டி பாதியா சுருங்கிடுச்சுங்க" என்றார் பெருமையாக. எனக்கும் அது வேண்டுமென்று கேட்டபோது, டாக்டர் "உங்களுக்கு அது வேணாம்" என்றதோடு சரி.

வந்ததே கோபம்! ஆள் பார்த்து வைத்தியமா? இவன் தேறமாட்டான் என்று கைகழுவிவிட்டார்களா? ஒரு வாரம் தூக்கமில்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் கொடுக்க நான்கு பக்க மனுவோடு கிளம்பினேன். கடைசிப் பக்கத்தில் எனக்கு நானே இரங்கல் எழுதியிருந்தேன்.

வீட்டு வாசலில் மனைவி மறித்தாள். "கலெக்டரா வந்து உங்களுக்கு ஊசி போடப்போறாரு? மொதல்ல டாக்டரைக் கேளுங்க. வாய் இருக்கறது ஊரைக் கிண்டல் பண்ண மட்டுமா?"

போனேன். டாக்டர் ரிப்போர்ட்டை விரித்தார். "உங்க கட்டியில ஒரு மரபணு மாறியிருக்குங்க. அவருக்கு மாறலை. மாறினவங்களுக்கு அந்த மருந்து வேலை செய்யாது, பக்கவிளைவுதான் ஜாஸ்தியாகும். அதனாலதான் உங்களுக்கு வேற மருந்து."

"இதை அன்னிக்கே சொன்னா என்னங்க?"

"சொல்லியிருக்கணும்" என்றார்.

கோபம் இன்னும் ஆறவில்லை. தமிழில் இரண்டு வரி சொல்லாததால் ஒரு மனுஷன் ஏழு நாள் செத்துப் பிழைத்தான். இப்போதெல்லாம் எந்த டெஸ்ட், எந்த மருந்து என்றாலும் காரணத்தைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்ட பிறகே கையை நீட்டுகிறேன். என்னைக் கண்டாலே நர்ஸம்மா பெருமூச்சு விடுகிறார். விடட்டும்.